வேடியப்பனைப் பார்க்கப் போன வகுப்பு

எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். எங்கள் ஆசிரியர் அறையில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். நான் இங்கே எழுதப்போவது அந்தப் பெருமையைப் பற்றித்தான். தன்னடக்கம் வேண்டுகிறவர்கள் வேறு யாரிடமாவது போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து உள்ளே திரும்பும் சாலையில், புளியமரங்கள் முடிந்து மரவள்ளிக் காடுகள் தொடங்கும் இடத்தில் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. நான் அங்கே சமூக அறிவியல் ஆசிரியை. அந்த வருடம் எனக்கு வாய்த்த ஒன்பதாம் வகுப்பைப் பற்றி மற்ற ஆசிரியர்கள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, சத்துணவை மிச்சம் வைக்க மாட்டார்கள் என்பது. காட்டு வேலை பார்க்கும் குடும்பங்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வாசலைத் தாண்டியதும் தமிழுக்கு மாறும் குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

நடுகல் பற்றிய பாடம் வந்தது. பாடத்தில் ஒரு படம் இருந்தது, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் கட்டம். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், தோசை தீஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவனைத் திட்ட வேண்டும் என்று புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். தீய்ந்த தோசைதான்.

எனக்குக் கோபம் வந்தது. பையன் மேல் இல்லை. நடுகற்களுக்குப் பேர்போன மாவட்டம் எங்களுடையது. ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் தர்மபுரி அருங்காட்சியகம். அங்கே அசல் கற்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. அதை விட்டுவிட்டு என் பிள்ளைகள் தீய்ந்த தோசையைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டுமா? கோபம் வந்தால் நான் சும்மா இருப்பதில்லை. மணி அடித்ததும் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன்.

அவர் நல்ல மனிதர். ஆனால் 'டிரிப்' என்ற சொல்லைக் கேட்டால் பிரஷர் மாத்திரையைத் தேடுவார். முன்பு ஒருமுறை ஒகேனக்கல்லுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, ஒரு பையன் மீன் வறுக்கிற கடையிலேயே நின்றுவிட, பஸ் அவனை விட்டுவிட்டுப் பாதி வழி வந்துவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது அவன் கடைக்காரருக்கு மீன் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பையன் அதை மறந்துவிட்டான், அவரால் மறக்க முடியவில்லை.

"புக்குலதான் படம் இருக்குதுங்களே டீச்சர்" என்றார்.

"நீங்களே பாருங்க சார்" என்று புத்தகத்தை நீட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கடைசியில், "சரிங்க, போயிட்டு வாங்க" என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். "கிளாஸ்ல ஒரு புள்ள விடாம எல்லாரும் வரணும். நாலு பேர வுட்டுட்டுப் போனா நாளைக்கு ஏன் எங்க புள்ளய வுட்டீங்கன்னு பேச்சு வரும். அப்பறம் எந்த வூட்டுலருந்தாவது புகார்னு வந்து நின்னாங்கன்னா, நான் இருக்கற வரைக்கும் இந்த ஸ்கூல்ல டிரிப்புங்கற பேச்சே இருக்கக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது ஒரு சனிக்கிழமைப் பயணம் மட்டும் இல்லை. வருடா வருடம் என் வகுப்புகளை அங்கே உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்பது பல நாள் ஆசை. அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்றால் இந்த முதல் பயணம் புகார் இல்லாமல் முடிய வேண்டும்.

வகுப்பில் போய்ச் சொன்னேன். "நடுகல்லுன்னா நெசமா எப்படி டீச்சர் இருக்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள். "உங்க காட்டு ஓரத்துல வேடியப்பன் கல்லு நிக்குதில்ல, அதேதான். தர்மபுரியில நெறைய வெச்சிருக்காங்க" என்றேன்.

இதில் ஒரு தவறும் இல்லை. என்றைக்கோ மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டோ, புலியோடு மல்லுக்கட்டியோ செத்துப்போன வீரனுக்கு ஊர் நட்டு வைத்த கல்தான் நடுகல். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட கல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மஞ்சள் பூசி, பூ வைத்து, பொங்கல் இட்டு, வேண்டுதல் இருந்தால் சேவலும் அறுப்பார்கள். பாடநூலுக்கு நடுகல், ஊருக்குச் சாமி. நான் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நான் சொன்னது சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேறாக இருந்தது. தர்மபுரியில் நிறைய வேடியப்பன்கள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், டீச்சர் பிள்ளைகளை அங்கே சாமி கும்பிடக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

மறுநாள் காலையில் வகுப்பில் சந்தேகங்கள் குவிந்தன. தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டுமா? வெள்ளிக்கிழமையே கறி சாப்பிடாமல் இருக்க வேண்டுமா? தேங்காய் ஆளுக்கு ஒன்றா, வகுப்புக்குச் சேர்த்து ஒன்றா? தீய்ந்த தோசைப் பையன் எழுந்து நின்று, "எங்கம்மா சேவல் குடுத்து வுடலாமான்னு கேக்கச் சொன்னாங்க டீச்சர். எனக்கு டைபாய்டு வந்தப்ப வேண்டிக்கிட்டதாம், இன்னும் செய்யலயாம்" என்றான்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அது மியூசியம், கோயில் இல்லை, சேவலுக்கு அங்கே டிக்கெட் கிடையாது என்று சொல்லி உட்கார வைத்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் சம்மதம் வாங்கி வந்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் யார் என்று தெரிந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பெண் ஜன்னலோர பெஞ்சில் உட்காருவாள். அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நான் வெளியே போக முடியாது. ஒருமுறை, "ராஜா ஜெயிச்சாருன்னு கல்வெட்டுல போட்டிருக்குன்னு சொன்னீங்களே டீச்சர், தோத்தவங்க என்ன எழுதி வெச்சாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பதிலை எல்லாம் சொன்ன பிறகும், "அப்ப நமக்குப் பாதி கததான் தெரியும், இல்லீங்களா?" என்றாள். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பிள்ளையைத்தான் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருந்தால் நான் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

"அப்பா வேணாம்னுட்டாரு டீச்சர்" என்றாள். அழவில்லை. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா தக்காளி பயிரிடுகிறவர். தக்காளி நிரப்பும் பிளாஸ்டிக் கிரேடுகள் வாசலில் அடுக்கியிருந்தன, நாட்டுக்கோழிகள் அவற்றின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்து தந்தது அவர்தான். சுவரில் மாதா படம், அதன் பக்கத்தில் மனைவியின் படம்.

"நீங்க கும்புடறத நான் தப்பா பேசல டீச்சர்" என்று அவரே ஆரம்பித்தார். "நாங்களும் இந்த ஊருதான். திருவிழான்னா பக்கத்து வூட்டுல குடுக்கற பொங்கல வாங்கித் தின்னுதான் வளந்தோம். ஆனா ஸ்கூல்லருந்து கூட்டிட்டுப் போயி, தேங்கா ஒடைக்கற எடத்துல எம்புள்ளய நிக்க வெக்கறது சரியா வராதுங்க."

"அது கோயில் இல்லைங்க. பழைய கல்லு, பழைய சாமான் வெச்சிருக்கற எடம். படிக்கறதுக்குப் போறோம்."

"டீச்சர், பக்கத்து வூட்டுக்காரம்மா வேண்டுதல்னு சேவல் வாங்கிட்டுப் போயிருக்குதுங்க, நீங்க போற எடத்துல அறுக்கறதுக்கு. எங்கிட்டதான் வாங்கிச்சு."

நான் டீயைக் கீழே வைத்தேன். கூட்டிலிருந்த சேவல்களில் ஒன்று குறைந்திருப்பது அவருக்குத் தெரியும், என் பேச்சை அவர் நம்புவதற்கு வழியே இல்லை.

எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். தீய்ந்த தோசைப் பையனின் வீடு. முருங்கை மரத்தில் சேவல் கட்டியிருந்தது. பையனின் அம்மா ஓடிவந்து வரவேற்றார். வந்த கோபத்தில் நான் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. அது சாமி இருக்கும் இடம் இல்லை, சண்டையில் செத்துப்போனவர்களின் நினைவுக்கு நட்ட கற்கள், அவற்றைப் பார்த்துப் பழைய காலத்தைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறோம் என்று படபடவென்று கொட்டினேன்.

அந்த அம்மா முகம் சுருங்கிவிட்டது. மெதுவாகக் கேட்டார். "அப்ப நாங்க கும்புடறது செத்த ஆளோட சமாதின்னு சொல்றீங்களா டீச்சர்? எம் பையனுக்குக் காச்ச கண்டப்ப ஒரு சமாதிகிட்டயா நான் அழுதேன்?"

பாடநூல் சொல்வதை அவரிடம் இன்னொரு முறை சொல்லலாம், ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. அங்கே அந்த வீட்டில் ஒருவருக்கு அது சாமி இருக்கும் இடம் என்பதால் மகளை அனுப்ப மனமில்லை. இங்கே இந்த வீட்டில் ஒருவருக்கு அது சாமி இல்லை என்று நான் சொன்னதால் மனம் புண்பட்டுவிட்டது. இரண்டு பேரில் யார் போய்த் தலைமை ஆசிரியர் அறையில் நின்றாலும் என் கதை முடிந்தது. ஆனால் உண்மையில் அந்த நிமிடம் நான் தலைமை ஆசிரியரைப் பற்றி நினைக்கவில்லை. இந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லையே என்றுதான் உறுத்தியது.

"எனக்கு அதுக்குப் பதில் தெரியலைங்க" என்றேன். "நீங்களும் எங்ககூட வாங்க. அந்தக் கல்லுகிட்டயே போயி கேப்போம். சேவல் மட்டும் வேணாம்."

அதையே திரும்பிப் போய்த் தக்காளிக்காரரிடமும் சொன்னேன். "நீங்களும் வாங்க. தேங்கா ஒடைக்கற சத்தம் கேட்டுச்சுன்னா அங்கயே புள்ளயக் கூட்டிட்டு பஸ் ஏறிடுங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்." அவர் மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள் என்பது பாவாடை நுனியில் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "சனிக்கெழம மண்டிக்குப் போகணும். பாக்கறேங்க" என்றார்.

சனிக்கிழமை காலையில் வெளுத்த சட்டையோடு பஸ்ஸுக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

அருங்காட்சியகத்து வாசலில் பஸ் நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள், வரிசையாக நின்றார்கள், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்கள். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அத்தனை வருடத்தில் அப்படி ஒரு செருப்புக் குவியலை அவர் அங்கே பார்த்திருக்க மாட்டார். ஜன்னலோரப் பெண் மட்டும் செருப்போடு நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நானும் கழட்டணுமா டீச்சர்?" என்றாள்.

"வெயில் ஏறுது, கல்லு சுடும். எல்லாரும் போட்டுக்கங்க. இது ஸ்கூல் மாதிரிதான்" என்றேன். சிலர் போட்டுக்கொண்டார்கள், சிலர் போட்டுக்கொள்ளவில்லை. நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது என்றால் பல பேருக்கு அது ஒரு ஊர்வலம். விசில் ஊதுவார்கள், வரிசை கலையக் கூடாது என்பார்கள், முன்னால் ஒரு ஆசிரியர் பின்னால் ஒரு ஆசிரியர் என்று ஒரு சுற்றுச் சுற்றி வெளியே கொண்டுவந்து ஐஸ் வாங்கிக் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ஐஸ் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். எனக்கு அது பிடிக்காது. என் வழி வேறு. இரண்டு பேருக்கு ஒரு கல். அதன் முன்னால் உட்கார வேண்டும். கண்ணால் பார்ப்பதை வரைய வேண்டும், பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், புரியாததைக் கேள்வியாக எழுத வேண்டும். பக்கத்திலிருக்கும் பலகையைப் பார்த்துக் காப்பி அடித்தால் மதியச் சாப்பாடு கிடையாது. நான் வாயே திறக்க மாட்டேன். எனக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் சலசலப்பு இருந்தது. பிறகு மெல்ல அடங்கியது. பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. நான் பின்னால் கைகட்டிக்கொண்டு நடந்தேன்.

இரண்டு பையன்கள் ஒரு வீரனின் உடம்பில் தைத்திருந்த அம்புகளை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். எல்லா அம்புகளும் முன்பக்கமே தைத்திருந்தன, முதுகுப் பக்கம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பெண், காலடியில் இருந்த மாட்டுக்குத் திமில் இருப்பதை வரைந்துவிட்டு, "இது நம்மூரு மாடு டீச்சர், ஜெர்சி இல்ல" என்று என்னிடம் தீர்ப்புச் சொன்னாள். இன்னொரு ஜோடி, வீரன் பெரிதாகவும் மாடு சிறிதாகவும் இருப்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மாடு தூரத்தில் நிற்கிறது என்றான் ஒருவன். இல்லை, மாட்டுக்காகச் செத்தாலும் மாட்டைவிட மனுசன்தான் பெரியவன் என்று காட்டியிருக்கிறார்கள் என்றான் மற்றவன். சத்துணவு தவிர வேறெதிலும் கெட்டிக்காரர்கள் இல்லை என்று பேரெடுத்த என் பிள்ளைகள் பேசியது இது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த இடத்திலேயே ஆசிரியர் அறை மொத்தத்தையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

ஜன்னலோரப் பெண்ணும் தீய்ந்த தோசைப் பையனும் ஒரே கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் கத்தியுமாகக் காலை அகட்டிக்கொண்டு பாய்கிறான். அவன் காலுக்குப் பக்கத்தில் மூக்கு வைத்த சிறிய செம்பு ஒன்று செதுக்கியிருந்தது. அந்த இருவரும் எழுதியிருந்த கேள்வி: சண்டைக்குப் போகிறவன் சொம்பை எதற்கு எடுத்துக்கொண்டு போனான்?

பையன் ஒரு பதில் வைத்திருந்தான். "தண்ணி தவிக்கும்ல டீச்சர்."

அந்த நேரத்தில் அங்கே பொறுப்பிலிருந்த காப்பாட்சியர் வந்தார். இளைஞர், பொறுமைசாலி. கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் சொல்லாமல், "நீ என்னம்மா நெனைக்கற?" என்று அவளைக் கேட்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

அவள் கல்லையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் அப்பாவும் பையனின் அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்கள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. அந்த அம்மாவின் முந்தானை முடிச்சில் ஏதோ இருந்தது. மஞ்சளும் குங்குமமும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

"அவரு எடுத்துட்டு வரலைங்க" என்றாள் அவள். "இவ்ளோ வேகமா பாயறாரு, காலு பட்டிருந்தா சொம்பு உருண்டிருக்கும். இது ஆடாம நேரா நிக்குது. அப்ப சண்ட நடந்தப்ப இது அங்க இல்ல. அப்பறமா வெச்சது. கல்லு நட்டவங்க அவருக்காக வெச்சிருக்காங்க."

காப்பாட்சியர் சிரித்தார். "செத்துப்போன வீரனுக்குக் கள்ளு படைக்கற பழக்கம் இருந்திருக்குது, அந்தப் படையலத்தான் செதுக்கியிருக்காங்கன்னு சொல்றவங்க இருக்காங்க. வேற மாதிரி சொல்றவங்களும் இருக்காங்க. ஆனா நீ சொன்ன காரணத்த நான் இதுவரைக்கும் யோசிச்சதில்லம்மா."

பையனின் அம்மா ஒரு அடி முன்னால் வந்தார். என்னிடம் கேட்கவில்லை, காப்பாட்சியரிடமும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டார். "அப்ப இவரு செத்த ஆளா, சாமியா, சொல்லு கண்ணு."

நான் பதில் சொல்லாமல் தப்பித்து வந்த கேள்வி, பதினாலு வயதுப் பெண்ணிடம் போய் நின்றது. அவள் என்ன சொன்னாலும் ஒருவருக்கு மனசு வலிக்கும் என்றுதான் நினைத்தேன். அவள் அப்பா செருமினார். குறுக்கே பேசலாமா என்று யோசித்தேன், வாயே திறக்க மாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"செத்த ஆளுதான் பெரியம்மா" என்றாள். "ஆனா கல்லு நட்டப்பவே அவருக்குப் படைச்சிருக்காங்க, பாருங்க. கும்புடறத நீங்க புதுசா ஆரம்பிக்கல. மொதல்லருந்து செஞ்சதத்தான் செய்யறீங்க. எங்கம்மா கல்லறைக்கு நாங்க போறமில்ல? பூ வெச்சு மெழுகுவத்தி ஏத்தி அழறம். அது கல்லுன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா கல்லுகிட்ட பேசறதா நாங்க நெனைக்கறதில்ல."

அவள் அப்பா வெயிலுக்குக் கூசுவதுபோல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அந்த அம்மா முந்தானையை அவிழ்த்துப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். "அப்ப இவருக்குக் கொஞ்சம் மஞ்ச வெக்கட்டுமா?"

"இங்க வேணாம் பெரியம்மா. கல்லுல இருக்கற எழுத்து மறைஞ்சிரும், அடுத்து வர்றவங்க படிக்க முடியாது. நம்ம காட்டுல இருக்கறவருக்கு வைங்க."

நம்ம காட்டுல என்றாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, பாடநூலிலும் இல்லை. பொட்டலம் மறுபடியும் முந்தானைக்குள் போனது.

மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடும்போது தலைமை ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. காலையிலிருந்து அது எத்தனையாவது போன் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். "தலைய எண்ணிட்டீங்களா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தக்காளிக்காரரிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வணக்கங்க சார். ஒரு கொறையும் இல்லீங்க. எங்க சின்னவன் ஏழாவது படிக்கறானுங்க, அவன் கிளாஸ எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று தெரியவில்லை, இவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அந்த வருடமே ஏழாம் வகுப்பும் போனது, எட்டாம் வகுப்பும் போனது. இப்போது தேதியை என்னிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது தலைமை ஆசிரியர்தான்.

ஆனால் நான் அந்த நாளை நினைத்துக்கொள்வது அதற்காக இல்லை. சாப்பிட்டு முடித்துக் கிளம்ப இருந்த நேரத்தில் ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. டவுனில் உள்ள ஏதோ ஒரு பள்ளி. டை கட்டிய பிள்ளைகள், கையில் விசிலோடு ஒரு ஆசிரியை. வரிசை எங்கள் கற்களைத் தாண்டி விறுவிறுவென்று போனது. போகிற போக்கில் ஒரு சின்னப் பிள்ளை நின்று, கல்லைக் காட்டி, "இந்த அங்கிள் ஏன் டான்ஸ் ஆடறாங்க?" என்று கேட்டது. கேள்வி யாரிடம் என்று இல்லாமல் காற்றில்தான் கேட்டது. நோட்டை எடுக்க அங்கே போயிருந்த ஜன்னலோரப் பெண் குனிந்து, "டான்ஸ் இல்ல, வா, இந்த அம்பப் பாரு" என்றாள்.

அந்தப் பிள்ளையோடு இன்னும் இரண்டு நின்றன, பிறகு பத்து நின்றன, வரிசை உடைந்தது. ஆசிரியை விசிலை வாய்வரை கொண்டுபோய் ஊதாமல் நின்றுவிட்டார். என் பெண் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போனாள். தன் கேள்வியை மட்டும் அவள் சொல்லவில்லை. முன்பக்கம் தைத்த அம்பைக் கண்டுபிடித்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாள், திமில் மாட்டைக் கண்டுபிடித்தவளைக் கூப்பிட்டாள், தீய்ந்த தோசைப் பையனைச் சொம்புக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவன் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒரு பதில் சொன்னவன் இல்லை. அங்கே ஏதோ தானே கல் நட்டவன்போல் பேசினான். நான் தூரத்திலேயே நின்றேன். அழுதேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, ஆனந்தத்தில் அழுதால் என்ன?

விசில் ஆசிரியை எங்கள் பக்கம் வந்தார். நானும் அந்தப் பெண்ணின் அப்பாவும் பையனின் அம்மாவும் சேர்ந்துதான் நின்றிருந்தோம். அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ தெளிவா சொல்லுது. யாரு பொண்ணுங்க இது?" என்று கேட்டார்.

என் மாணவி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் அப்பாவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு பையனின் அம்மா சொன்னார்.

"எம் பொண்ணுதாங்க."

தக்காளிக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு அந்த ஆசிரியையிடம், "ஆமாங்க" என்றார்.